வேகத்தை விதித்தவன் யார்? அபராதம் கட்டுபவன் யார்?

ஆயிரம் ரூபாய் அபராதம் என்று செல்போனில் ஒரு சேதி வந்தது. ஓட்டியவனுக்கு வரவில்லை, வண்டியின் சொந்தக்காரருக்கு வந்தது. அவர் அதை டிரைவரிடம் காட்டினார். மாதக் கடைசியில் சம்பளத்தில் கழித்துக்கொண்டார். விவகாரம் முடிந்தது! விசாரணை இல்லை, சாட்சி இல்லை. "நீ என்ன சொல்கிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்பாரும் இல்லை.

பையனுக்கு வயது 22. அன்னூர்ப் பக்கம் காட்டு வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகன். லைசென்ஸ் கைக்கு வந்து நாற்பது நாள்தான் ஆகிறது. மில்லுக்குப் பெண் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கான்ட்ராக்ட் வேனில், நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலிக்குச் சேர்ந்தான். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. 7,500 கிலோவுக்குள் எடையுள்ள வாடகை வண்டியை, இலகு ரக லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம் என்பது தீர்ப்பு. நல்லதுதான், ஏழைப் பையன்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் அனுபவமுள்ள டிரைவருக்குக் கொடுக்கிற கூலியை மிச்சம் பிடிக்க, நேற்று லைசென்ஸ் வாங்கிய பையனை உட்கார வைத்தால் போதும் என்ற வழியையும் வண்டிக்காரர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பையன் சலானை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தான். "ஏனுங்கண்ணா, இன்னொரு வாட்டி மாட்டினா லைசென்ஸே போயிருமாமுங்க?" என்று கேட்டான்.

போய்விடும் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 183ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 1988ல் இந்தச் சட்டம் வந்தபோது வேகத்துக்கு முதல் அபராதம் 400 ரூபாய்க்கு மேல் கிடையாது. 2019ல் திருத்தினார்கள். இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 வரை. நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. இரண்டாம் முறை மாட்டினால் லைசென்ஸைப் பிடித்து வைக்கலாம். தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் அமுலுக்கு வந்தன. ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று இந்தத் தொகைகளை நூற்றுக்குப் பத்து வரை ஏற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். கூலி ஆண்டுக்குப் பத்து சதம் ஏற வேண்டும் என்று சட்டம் போட்ட சர்க்கார் எங்கேயாவது உண்டா?

சரி, பையன் வேகமாகப் போனானா இல்லையா? போனான். அதை நாம் மறைக்கவில்லை. ஏன் போனான் என்பதுதான் கேள்வி. வாருங்கள், ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேன் கிளம்புவது காலை 6.45. மில் கேட் சாத்துவது 7.45. தூரம் 38 கிலோமீட்டர். வழியில் 14 இடத்தில் நிறுத்தி ஆள் ஏற்ற வேண்டும். டிபன் பாத்திரத்தோடு ஓடி வரும் பெண்கள் ஏறி உட்கார, ஓர் இடத்துக்கு ஒன்றரை நிமிஷம் என்று வைத்தாலும் 21 நிமிஷம் போயிற்று. மிச்சம் 39 நிமிஷம். 39 நிமிஷத்தில் 38 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் சராசரி ஆகிறது! வழியெல்லாம் ஊர்த் தெரு, பள்ளிக்கூடம், வேகத்தடை, பால் வண்டி, ஆட்டு மந்தை. அங்கெல்லாம் இருபதில் ஊர்ந்துவிட்டு, சராசரி 58 வர வேண்டுமானால் வெறும் ரோட்டில் எண்பதைத் தொட்டாக வேண்டும். சராசரி என்றால் என்ன என்று ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். கான்ட்ராக்டருக்குத் தெரியாதா? மில் ஆபீசுக்குத் தெரியாதா?

இதில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. ஐந்து நிமிஷம் பிந்தினால் கேட் சாத்திவிடுவார்கள். வேனில் வந்த பெண்களுக்கு அரை நாள் கூலி போய்விடும். ஆகவே பின்னாலிருந்து அந்தப் பெண்களே, "கொஞ்சம் வெரசாப் போங்க தம்பி, கேட்டைச் சாத்திருவாங்க" என்று கூப்பாடு போடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? ஒரு தொழிலாளியை விரட்ட இன்னொரு தொழிலாளியின் வயிற்றைச் சாட்டையாக்கியிருக்கிறார்கள். முதலாளியோ மேஸ்திரியோ வேனில் ஏற வேண்டிய அவசியமே இல்லை.

மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரிங் பிரேமில் ஸ்பிண்டில் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று சைடரா முடிவு செய்கிறாள்? வேகத்தை ஏற்றுவது நிர்வாகம். இழை அறுந்தால் வசவு அவளுக்கு. ஆனால் மில்லுக்குள் அபராதத்துக்கு ஒரு வரம்பாவது உண்டு. 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே வந்த வரம்பு அது: தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் முதலாளி அபராதம் போடக் கூடாது, போடுவதற்கு முன் அவன் பதிலைக் கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தை விழுங்கிய 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த மூன்று சதம் நிற்கிறது. நம் பையன் மாதம் 26 நாள் ஓட்டினால் 13,000. மூன்று சதம் 390 ரூபாய். ரோட்டில் ஒரே சலானில் போனது 1,000! சர்க்கார் போடும் அபராதம் வேறு, முதலாளி போடும் அபராதம் வேறு என்று வக்கீல் சொல்வார். இருக்கட்டும். போகிற பை ஒன்றுதானே?

"அப்படியானால் வேகமாகப் போய் ஆளைக் கொல்லலாம் என்கிறீர்களா?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். இல்லை ஐயா! 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ரோட்டில் செத்தவர்கள் 1,68,491 பேர். அந்தச் சாவுகளில் நூற்றுக்கு 71க்கு அதிவேகமே காரணம் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டில் மாநிலங்களிலேயே அதிக விபத்து நடந்தது நம் தமிழ்நாட்டில்தான்: 64,105. ஷிப்ட் விட்டு சைக்கிளில் போகிறவனும், களை வெட்டிவிட்டு ரோட்டோரம் நடந்து வருகிறவளும் நம் மக்கள். வேகத்துக்கு முதல் எதிரி நாம்தான். அபராதத்தை எடுத்துவிடு என்று நாம் கேட்கவில்லை. ஆனால் அந்த அறிக்கையில் "அதிவேகம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "அந்த வேகத்துக்கு உத்தரவிட்டது யார்" என்று ஒரு கட்டம் இல்லை. அதைத்தான் கேட்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், சட்டத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது! அதே 183ஆம் பிரிவை முழுக்கப் படியுங்கள். வேக வரம்பை மீறி ஓட்டியவன் மட்டுமல்ல, தன் கீழ் வேலை செய்கிறவனை அப்படி ஓட்ட வைத்தவனும் குற்றவாளி. இன்னும் ஒரு படி மேலே போகிறது சட்டம். இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் நேர அட்டவணை போட்டாலோ, உத்தரவு கொடுத்தாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் போக முடியாது என்று கோர்ட் கருதினால், அந்த அட்டவணையே உத்தரவிட்டவர் மீதான குற்றத்துக்கு முதல் நோக்குச் சான்று! நாம் புதிதாகச் சட்டம் கேட்கவில்லை. 1988லிருந்து புத்தகத்தில் இருப்பதைத்தான் கேட்கிறோம். இந்த வாசகத்தைக் காட்டி ஒரு மில் நிர்வாகிக்கோ கான்ட்ராக்டருக்கோ நோட்டீஸ் போனதை நம் வட்டாரத்தில் நாம் கண்டதில்லை.

காந்திபுரத்திலும் உக்கடத்திலும் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்து டிரைவரைத் திட்டாதவர் இல்லை. முன்னால் போகும் பஸ் இரண்டு நிமிஷம் பிந்தினால் பின்னால் வருகிறவனின் வசூல் போகிறது. வசூல் போனால் படி போகிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். ஜி.டி. நாயுடு பெயர் வைத்தார்கள். அவரும் 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு தொடங்கியவர்தான். பாலத்தின் மேலே கார்கள் பறக்கலாம். மில் வேனுக்கு 14 நிறுத்தமும் கீழேதான் இருக்கிறது.

லைசென்ஸ் வாங்கி வண்டியில் ஏறியிருக்கும் இளந்தோழர்களுக்குச் சில வார்த்தைகள். சலான் வந்தால், செல்போனில் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். பணத்தைக் கட்டினால் வழக்கு அதோடு முடிந்தது; தவறு என்று பட்டால் அதை எதிர்த்து வாதாட உங்களுக்கு உரிமை உண்டு. காமிரா பிடித்ததா? 2021 ஆகஸ்டில் வந்த மத்திய விதி 167அ, வண்டி நம்பர் தெரியும் போட்டோ வேண்டும், கருவி அளந்த வேகம் வேண்டும், அந்தக் கருவிக்கு வருஷா வருஷம் சான்றிதழ் வேண்டும், காமிரா உள்ள ரோட்டில் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்று சொன்னது. போலீஸ்காரர் பிடித்தாரா? ஒருவர் கண்ணால் பார்த்து "வேகமாகத்தான் வந்தான்" என்று சொல்வது மட்டும் போதாது. கருவியால் அளந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளி கொடுக்கும் நேரத்தை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார். அப்போது "காலை 6.45க்குக் கிளம்பி 7.45க்குள் வரச் சொன்னீர்கள், சரிதானே?" என்று நீங்களே அவருக்குச் செல்போனில் சேதி அனுப்பி, பதிலைப் பத்திரமாக வையுங்கள். தூரத்தையும் நிறுத்தங்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நம் பையன் அப்படித்தான் எழுதினான். வேனில் வரும் பெண்களில் 19 பேர் அந்தக் காகிதத்தில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். "வெரசாப் போங்க தம்பி" என்று கத்திய அக்காதான் முதல் கையெழுத்து. கான்ட்ராக்டரிடம் கொண்டுபோனோம். 183ஆம் பிரிவைப் படித்துக் காட்டினோம். அரை மணி நேரம் சத்தம் போட்டார். பிறகு இறங்கி வந்தார். கழித்த ஆயிரத்தில் 500ஐத் திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் முதல் வேன் 6.25க்குக் கிளம்புகிறது.

ஆனால் கேட் சாத்தும் நேரம் 7.45லேயே நிற்கிறது. அந்த இருபது நிமிஷத்தை மில் தரவில்லை. பெண்களின் தூக்கத்திலிருந்து எடுத்தார்கள். அதற்குக் கூலி எந்தக் கணக்கில் என்று மில் நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.