கத்தீட்டரை எடுத்த பிறகு

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். முந்தைய சுற்றில் 34. இதன் விளைவை அறுவை அரங்கில் தினமும் பார்க்கிறோம்: மூன்றாவது சிசேரியன், கருப்பையோடு ஒட்டிக்கிடக்கும் சிறுநீர்ப்பை, பழைய தழும்புக்குள் ஊடுருவிய நஞ்சுக்கொடி.

சிறுநீர்ப்பை கிழிந்தது மேசையிலேயே தெரிந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. மேற்பகுதிக் கிழிசலைக் கரையும் நூலால் இரண்டடுக்காகத் தைத்து, 7 முதல் 14 நாள் கத்தீட்டர் வைத்தால் ஆறிவிடும். சிறுநீர்க்குழாய்களின் வாயருகே என்றால் சிறுநீரியல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சந்தேகமிருந்தால் மெத்திலீன் நீலம் கலந்த சலைனை ஏற்றிப் பார்த்துவிடலாம். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததே.

நாம் கோட்டைவிடுவது வார்டில். நெடுநேரம் முக்கி, தலை இறங்கிச் சிக்கிய பிறகு செய்த சிசேரியன். ஸ்பைனலோடு மார்ஃபினும் போயிருக்கிறது. மறுநாள் கத்தீட்டரை எடுத்தாயிற்று. ரவுண்ட்ஸில் கேட்கிறோம், "ஒன்னுக்குப் போனீங்களாம்மா?" "போறேன் டாக்டர், அரை மணிக்கொரு தரம் கொஞ்சங்கொஞ்சமா வருது." கேஸ் ஷீட்டில் 'சிறுநீர் கழிக்கிறார்' என்று ஏறிவிடுகிறது. அது கழிப்பதல்ல, நிரம்பி வழிவது. அடிவயிற்றில் கை வைத்தால் பை திம்மென்று நிற்கும். கருப்பையையும் மேலே தள்ளியிருக்கும். மரத்துப்போன பைக்கு முட்டுவதே தெரியாது என்பதால் அவர் வலி என்றும் சொல்லமாட்டார். அளவுமீறி விரிந்த பைத்தசை மீள வாரக்கணக்கில் ஆகலாம். சிலருக்கு முழுதாக மீளாமலும் போகலாம். கத்தீட்டர் எடுத்து 6 மணி நேரத்துக்குள் எவ்வளவு போனார் என்று அளவுக் குவளையில் பாருங்கள். போன பிறகும் 150 மில்லிக்கு மேல் தங்கினால் அது தேக்கம்தான். ஸ்கேன் இல்லாத இடத்தில் ஒரு முறை கத்தீட்டர் போட்டு வடித்தாலே கணக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு வகை, வீட்டுக்குப் போன பிறகு தலைகாட்டுவது. நசுங்கிய, அல்லது தையலில் மாட்டிய பைச்சுவர் சில நாளில் அழுகி ஒழுகத் தொடங்கும். தீட்டுத்தான் என்று வீட்டார் துணியை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒழுக்கே இல்லாமலும் பைக்கும் கருப்பைக்கும் இடையே புரை இருக்கலாம்: மாதவிலக்கு வராமல், மாதாமாதம் சிறுநீரில் ரத்தம் போகும். 1957இல் யூசெஃப் விவரித்த இந்தக் கோளாற்றைக் கல்லடைப்பு என்றும் கிருமித்தொற்று என்றும் எண்ணி வைத்தியம் பார்க்கிறவர்கள் உண்டு. பழைய சிசேரியனைப் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கேட்டாலும் காகிதத்தில் இருக்காது. வழக்கு வருமோ என்ற பயத்தில் பைக்காயத்தை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாமல் விடுவது நம்மிடம் இருக்கிற கெட்ட பழக்கம். பின்னால் பார்க்கும் மருத்துவர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டதே வழக்குக்கும் வழி.

சிக்கலான சிசேரியன் ஒவ்வொன்றுக்கும் சீட்டில் மூன்று விவரங்களை எழுதுங்கள்: பையில் காயம் பட்டதா, கத்தீட்டர் எடுத்த தேதி, போன அளவும் தங்கிய அளவும். "துணி நனைஞ்சுகிட்டே இருந்தாலும், ஒன்னுக்கு முட்டாமலே இருந்தாலும் ஆறு வாரம் காத்திருக்காம உடனே வாங்கம்மா" என்று அவரிடமும் கூட இருப்பவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.