மண்வள அட்டையில் இல்லாத கட்டம்

மண்வள அட்டையில் 12 கட்டங்கள். தழைச்சத்து முதல் அங்ககக் கரிமம் வரை எல்லாம் உண்டு. மண் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் கட்டம் மட்டும் இல்லை. தாமிரமும் துத்தநாகமும்கூட, பற்றாக்குறையா என்ற கேள்விக்காகத்தான் இருக்கின்றன; மிஞ்சிவிட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. 2015-இல் தொடங்கிய திட்டம் இது. இனியாவது திருத்த வேண்டும்.

வயலில் வீசும் யூரியாவை அம்மோனியமாக உடைத்துத் தருவது மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி. மட்கில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தை விடுவிப்பது பாஸ்பேட்டேஸ். காட்மியமும் பாதரசமும் இத்தகைய நொதிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். பூச்சிமருந்து நாளடைவில் சிதையும், உலோகம் சிதையாது.

சிதையாதது என்ன செய்யும் என்பதைப் பாலாற்றங்கரை பார்த்துவிட்டது. உப்பும் குரோமியமும் கலந்த தோல் ஆலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதை உச்ச நீதிமன்றம் 1996-இல் பதிவு செய்தது. 2025 ஜனவரியிலும் அதே ஆலைக் கழிவைப் பற்றி அது தீர்ப்பு எழுத நேர்ந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கலசப்பாக்கம் செய்யாற்றங்கரை ஊர். செய்யாறுதான் பாலாற்றில் போய்ச் சேர்கிறது. பாலாற்றுக் கழிவு இங்கே ஏறி வராது. ஆனால் இங்கே வருவது பாட்டிலிலும் மூட்டையிலும். மணிலாவில் டிக்கா இலைப்புள்ளி கண்டால் கார்பன்டசிம், மேன்கோசெப் அடிக்கிறார்கள். மேன்கோசெப்பில் மாங்கனீசும் துத்தநாகமும் இருக்கின்றன. சூப்பர் பாஸ்பேட்டோடு கொஞ்சம் காட்மியமும் வருகிறது. ஒருமுறை அடித்ததில் மண் செத்துவிடாது. சில மருந்துகளைத் தின்றே நுண்ணுயிர்கள் பெருகி, நொதியின் வேகம் சில நாள் ஏறுவதும் உண்டு. அதனால் எல்லா மருந்தும் நஞ்சு என்ற மேடைப் பேச்சும், எதுவும் ஆகாது என்ற உரக்கடைப் பேச்சும் விவசாயிக்கு உதவாது. அளந்து சொல்ல வேண்டும்.

அளப்பது பெரிய வித்தையும் அல்ல. சலித்த மண்ணில் டெட்ராசோலியம் உப்புக் கரைசலை விட்டு, 37 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்தால் உயிருள்ள மண் சிவக்கும். முடங்கிய மண்ணில் நிறம் ஏறாது. டீஹைட்ரஜனேஸ் சோதனை இதுதான். சிவப்பின் அடர்த்தியை அளக்க, மணிச்சத்தை அளக்கும் நிறமானியே போதும். ஈரத்துக்கும் பருவத்துக்கும் அளவு மாறுமே என்பார்கள். மாறும்தான். ஒரே வயலில் ஆண்டுதோறும் அதே பருவத்தில் மண் எடுத்தால் அந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

எனவே அட்டையில் டீஹைட்ரஜனேஸுக்கு ஒரு கட்டமும், காட்மியம், குரோமியம், ஈயத்துக்குக் கட்டங்களும் சேர்க்கப்பட வேண்டும். டெல்லி முடிவெடுக்கும்வரை மாவட்ட நிர்வாகம் காத்திருக்கத் தேவையில்லை. வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கலசப்பாக்கம் வட்டாரத்தில் மருந்தே படாத தரிசிலும், வருடக்கணக்காக மருந்தடித்த மணிலாக் கொல்லையிலும் ஆடிப்பட்டத்துக்கு முன் மண் எடுத்து, இரண்டின் அளவையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லலாம்.