பஸ்ஸில் ஆள் குறைந்தால் யாருக்குச் செலவு?



வெங்காயத்தை எல்லோரும் ஒரே நாளில் வாங்கப் போனால் விலை ஏறும். தீபாவளிக்கு முதல் வாரம் டவுன் கடைகளில் நாம் காண்பதுதான். பஸ் விஷயம் அப்படியல்ல. ஏறுகிறவர்கள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். ஆள் குறைந்தால் மிஞ்சியவர்களுக்குச் செலவு கூடும்.

செலவென்று நான் சொல்வது டிக்கெட் காசை மட்டுமல்ல. சந்தியில் நிற்கும் நேரமும் செலவுதான். மணிக்கு ஒரு பஸ் ஓடும் பாதையில், நேரம் பாராமல் வந்து நிற்பவர் சராசரியாக அரை மணி நேரம் காத்திருப்பார். ஆள் இரட்டிப்பாகி, அரை மணிக்கு ஒரு பஸ் விட்டால் அது கால் மணியாகும். புதிதாக ஏறியவர் தனக்கே தெரியாமல் பழையவருக்குக் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார். ஹேர்பர்ட் மோரிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1972இல் இதைக் கணக்கிட்டு எழுதினார். பஸ்ஸுக்கு அரசு மானியம் கொடுக்க வேண்டும் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் நியாயங்களில் இது ஒன்று.

நம் தோட்டப் பாதைகளில் இதே கணக்கு தலைகீழாக ஓடுகிறது. பின்னேர பஸ் இரண்டு நாள் வரவில்லை என்றால் நாலு குடும்பம் சேர்ந்து த்ரீவீலர் பிடிக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓட்டுகிறவனும் நம் லயத்துப் பிள்ளைதான். ஆனால் பஸ்ஸில் ஆள் குறைகிறது. வருமானம் போதாதென்று அந்த ட்ரிப்பே நிற்கிறது. த்ரீவீலருக்குக் காசில்லாதவர் அப்புறம் என்ன செய்வார்? டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அரைப் பேரும் கிடைக்காமல் முழு நாளும் போகிறது. ஓ.எல். எழுதப்போகும் பிள்ளை பின்னேர வகுப்பைப் பாதியில் விட்டு எழுந்து போகிறது. அந்த வெற்று வாங்குகளைப் பார்த்துப் பாடம் நடத்துகிறவன் நான்.

“ஆள் சேர்ந்தால் பஸ் விடுகிறோம்” என்கிறார்கள். வராத பஸ்ஸுக்கு யார் வந்து நிற்பார்கள்?

சிசு சரிய, கெமி சரிய என்று அரசு காசு கொடுத்து பஸ் ஓட்டும் திட்டங்கள் நாட்டில் உண்டு. நம் மலைப்பாதைகளையும் அவற்றில் சேர்க்கும்படி சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். நின்றுபோன ட்ரிப்பை ஆறு மாதத்துக்காவது வருமானம் பாராமல் ஓட்டச் சொல்ல வேண்டும். ஓடத் தொடங்கினால் முதல் மாதம் நாம் கட்டாயம் அதிலேயே ஏற வேண்டும். அதற்கு முன், யார் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு டவுனுக்குப் போகிறார்கள் என்று லயம் லயமாக எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன் தோட்டத் தலைவர், தலைவிமார் கையில் கொடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்கை நான் எழுதித் தருகிறேன்.