இரண்டு கரைகள்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீடு. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்புப் பையன் சேலைக் கரையில் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனான்: "இது அன்னபட்சி, இது யாளி, இது இருதலைப்பட்சி." ஜரிகை ஓர் இழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிறான். அன்று மாலை ஏரிக்கரையில் நடந்தோம். தண்ணீரில் நின்ற மூன்று வகைப் பறவைகளுக்கும் அவனிடம் இருந்தது ஒரே பெயர்: கொக்கு.

குற்றம் அவனுடையதல்ல. அந்தப் பெயர்களைச் சொல்லும் புத்தகத்தை நாம் அவன் கையில் கொடுக்கவில்லை.

எழுத ஆள் இல்லாமல் போகவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1912இல் பிறந்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளேட்டில் 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கையைப் பற்றி எழுதினார். தமிழிலும் எழுதினார், படமும் வரைந்தார். பேத்திக்காக ஆங்கில எழுத்து வரிசையில் அவர் கட்டிய விலங்குப் பாட்டுகள், அவர் மறைந்து வெகுகாலம் கழித்தே அச்சேறின. தமிழில் எழுதியவற்றில் ஒரு பகுதி 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்ற நூலாகக் கிடைக்கிறது.

வேடந்தாங்கல் 2019 வரை நம் மாவட்டத்து ஊர். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்ட குடியானவர்கள், 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கக் கவுல் என்னும் உறுதிப்பத்திரம் வாங்கினார்கள். பார்த்துப் பழகியவர்கள்தான் காத்தார்கள். அங்கே வரும் நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடிப்பதற்கென்றே அமைந்த அலகு. நீந்தும்போது கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே தெரிவது பாம்புத்தாரா. பறவையை உற்றுப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. நம் நெசவாளிகள் புட்டாவுக்குக் குயில்கண், மயில்கண் என்று பெயர் வைத்ததும் அதே கண்ணால்தான். பட்டில் பிழைத்திருக்கும் அந்தக் கண்ணை ஏரிக்கரைக்கும் கொண்டுபோக வேண்டும்.

அடுத்த இதழ் முதல் கடைசி இரண்டு பக்கங்கள் குழந்தைகளுக்கு. இதழுக்கு ஓர் உயிரினம், அதன் படம், நம் பக்கத்துப் பெரியவர்கள் அதைச் சொல்லும் பெயர். உங்கள் பாட்டியிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். முதல் படம் நத்தைகுத்தி நாரை. முதல் பிரதி அந்தத் தறிவீட்டுக்குப் போகும்.

– ஆசிரியர்