ஜாயின்ட்லதான் இருக்கு மேட்டர்!

சிம்போசியம் வந்தாச்சு. டிபார்ட்மென்ட் ஸ்டால்ல என்ன வைக்கிறதுன்னு மண்டையைப் பிய்ச்சுக்கிறவங்களுக்கு இந்த வாரம் ஒரு ஐடியா... குட்டி நீராவி ரயில்!

தென்னிந்தியாவோட முதல் பாசஞ்சர் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடுக்குப் புகை விட்டுக்கிட்டுப் போனது, இன்னிக்கு நாம ஃபுட்போர்டுல தொங்குற அம்பத்தூர் - ஆவடி பாதையிலதான். இந்த ஏரியாப் பசங்க செய்யலைன்னா வேற யாரு செய்வா?

'எங்க வீட்டு ஹால்ல கட்டில் போடவே இடம் இல்லை பாஸ்'ங்கறீங்களா? அதுக்குத்தான் மாடுலர் லே-அவுட். கேங்ல நாலு பேர்னு வெச்சுக்குங்க. ஆவடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல், பூந்தமல்லி. ஆளுக்கு ஒரு பலகை. ஒருத்தர் தேயிலைத் தோட்டம், ஒருத்தர் பாலம், இன்னொருத்தர் டீக்கடை வெச்ச ஸ்டேஷன்... அவங்கவங்க இஷ்டம். காலேஜுக்கு எடுத்துட்டு வந்து கோர்த்தா மலை ரயில் ரெடி! நேரோகேஜ்ங்கிறதால வளைவும் சின்னது, இடமும் மிச்சம். இன்ஜின்தான் கொஞ்சம் காஸ்ட்லி. பாக்கெட் மணியைப் பங்கு போட்டு ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்.

இனிமேதான் சிக்கலே. வீட்டுல தனியா ஓட்டினப்ப நாலு பலகையும் பாஸ். ஸ்டால்ல கோர்த்து ஸ்விட்சைப் போட்டா, முதல் ஜாயின்ட்ல 'டொக்'னு நிக்கும். விரலால தள்ளினா ஓடும். அடுத்த ஜாயின்ட்ல குப்புற விழும். ஹெச்.ஓ.டி. வர பத்து நிமிஷம்தான் இருக்கு. 'உன் பலகைதான் கோணல்'னு ஒருத்தர் ஆரம்பிச்சா போதும், மூணு வருஷ நட்பு அங்கேயே டேமேஜ்!

இன்ஜின் மேல தப்பே இல்லீங்க. கணக்கைப் பாருங்க. டார்ஜிலிங் ரயிலோட நிஜ தண்டவாள அகலம் 610 மில்லிமீட்டர். அதை 76-ல் ஒரு பங்கா சுருக்கி, 9 மில்லிமீட்டர் தண்டவாளத்துல ஓட்டுறோம். ஜாயின்ட்ல வெறும் அரை மில்லிமீட்டர் மேடு இருந்தா, குட்டி ரயிலுக்கு அது 38 மில்லிமீட்டர் மேடு! நிஜ ரயிலே தடம் புரளும், இது எம்மாத்திரம்?

அடுத்து கரன்ட். இன்ஜின் மோட்டாருக்கு 12 வோல்ட், தண்டவாளம் வழியா சக்கரத்துல ஏறுது. டார்ஜிலிங் பி-கிளாஸ் இன்ஜினுக்கு மொத்தமே நாலு சக்கரம், பக்கத்துக்கு ரெண்டு. ஒண்ணு ஜாயின்ட்ல தூக்கிக்கிட்டு, இன்னொண்ணு தூசு மேல ஏறினா சோலி முடிஞ்சது. எட்டு சக்கரத்துலயும் கரன்ட் எடுக்கிற டீசல் மாடல் இதே இடத்தை அலட்டிக்காம தாண்டிடும். நீராவிக் குட்டிதான் ஸ்ட்ரிக்ட் வாத்தியார்!

'நிஜமாவே தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சா?' இந்த சைஸ்ல கஷ்டம். பாய்லரைப் பத்துல ஒரு பங்கா சுருக்கினா தண்ணி ஆயிரத்துல ஒரு பங்கு ஆயிடும், ஆனா சூட்டை விடுற மேற்பரப்பு நூறுல ஒரு பங்காத்தான் குறையும். சட்டுனு ஆறிப்போயிடும்.

என்ன பண்ணலாம்?

பலகையோட ஓரங்களை மட்டும் நாலு பேரும் ஒரே அச்சை வெச்சு வெட்டுங்க. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லேத் பட்டறையில பித்தளைப் பின் கடைஞ்சு வாங்கி, ஜாயின்ட்டுக்கு ரெண்டு மாட்டுங்க. காலேஜ் தரையை நம்பாதீங்க. கால்ல போல்ட் வெச்சு, கொத்தனார்கிட்ட இருக்கிற ரசமட்டத்தால சரி பாருங்க. ஒவ்வொரு பலகைக்கும் அடியில தடியான வயர் தனியா இழுங்க, இல்லேன்னா கடைசிப் பலகைக்குப் போறப்ப இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். ஓட்டுறதுக்கு முன்னாடி ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு தண்டவாளத்தைத் துடைங்க. ஊட்டி ரயில் 12 அடிக்கு ஒரு அடி ஏறுதேன்னு காப்பி அடிக்காதீங்க. அதுக்குப் பல் சக்கரம் இருக்கு, உங்க இன்ஜினுக்கு இல்லை. முக்கியமா, சிம்போசியத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில நாலையும் கோர்த்து ஓட்டிப் பாருங்க. சண்டை போடுறதா இருந்தா அன்னிக்கே போட்டு முடிச்சிடலாம்!

ஊட்டி ரயில்ல போனா கல்லாறுல கவனிங்க. பல் சக்கரம் பல் தண்டவாளத்தைப் பிடிக்கிற இடத்துல வண்டி ஆமையா ஊரும். 1899-லேர்ந்து குன்னூர் ஏறுற ரயிலே ஜாயின்ட்டுக்கு அவ்வளவு மரியாதை குடுக்குது.

உள்ளே தேயிலையோ டீக்கடையோ, அவங்கவங்க இஷ்டம். ஓரத்துல மட்டும் ஒத்துப்போங்க... ரயில் ஓடும், கேங்கும் ஓடும்!