மதிப்பெண் போடுகிறவரும் ஏலம் விடுகிறவரும்

கூகுளில் ஒருவர் ஒரு சொல்லை இட்டு விரலை எடுப்பதற்கும் திரையில் விடை வந்து நிற்பதற்கும் இடையே கழிகிற இமைப்பொழுதில் ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது என்பதும், அதில் ஜெயித்தவர்களுடைய விளம்பரங்களே மேல்வரிசையில் அமர்கின்றன என்பதும் இப்போது பலருக்கும் தெரிந்த விஷயங்கள்தாம். ஆனால் அந்த ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவர் தோற்பதும் குறைந்த தொகை கேட்டவர் ஜெயிப்பதும் சர்வ சாதாரணம் என்பதையும், ஏலம் விடுகிற நிறுவனமே ஒவ்வொரு விளம்பரத்துக்கும் போடுகிற தர மதிப்பெண்தான் அதற்குக் காரணம் என்பதையும் விளம்பரத் தொழிலில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் அவ்வளவாகக் கவனித்ததில்லை. சிறு ஊர்களிலுள்ள வியாபாரிகள்கூடத் தங்கள் லாபத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் இந்த ஏலத்தில் செலுத்திவருகிற காலத்தில், அந்த மதிப்பெண் எதைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது, யாருடைய நன்மையை முன்னிட்டு மாற்றப்படுகிறது என்று கேட்பது நம்முடைய கடமையாகிறது.

இதற்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் கோடூ டாட் காம் என்ற தேடுதளத்தை ஏற்படுத்தி, தேடுசொற்களை ஏலத்துக்கு விட்டார். ஒரு கிளிக்குக்கு எவர் அதிகம் தருகிறாரோ அவருக்கு முதலிடம், அடுத்த தொகைக்கு அடுத்த இடம். யார் எவ்வளவு தருகிறார் என்பதும் பகிரங்கமாகவே தெரிந்தது. பிற்பாடு ஓவர்சூர் என்று பெயர் மாறி 2003-இல் யாஹூவின் வசமான அந்த நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஒளிவுமறைவு இல்லை என்பது அதன் பெருமை. ஆனால் பணம் ஒன்றே ஸ்தானத்தை நிர்ணயித்தபடியால், பொருத்தம் குறைந்த விளம்பரத்தையும் ஒரு சொல்லின் தலையில் கொண்டுபோய் உட்கார வைக்க முடிந்தது என்பது அதன் குறை.

அந்தக் குறையைத் தீர்த்த யுக்தி கூகுளுடையது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கிய அந்த நிறுவனம், 2002 பிப்ரவரியில் கிளிக்குக்குப் பணம் என்ற முறைக்கு மாறியபோது, கேட்கிற தொகையோடு அந்த விளம்பரத்தை எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்ற விகிதத்தையும் பெருக்கியே வரிசையைத் தீர்மானித்தது. ஆயிரம் தடவை காட்டியும் ஐந்து பேராவது தொடாத தேடுசொல்லை முடக்கிவிடும் கண்டிப்பும் ஆரம்பத்தில் இருந்தது. 2005-இல் 'குவாலிட்டி ஸ்கோர்' என்ற பெயரோடு மதிப்பெண் வந்தது. 2008 முதல் தரம் ஒவ்வொரு தேடலின்போதும் புதிதாகக் கணிக்கப்படலாயிற்று. இந்தச் சாஸ்திரம் யாஹூவுக்குப் புரிந்து, அதுவும் தன் ஏலத்தைத் திருத்தியமைக்க 2007 ஆகிவிட்டது.

கணக்கை ஓர் உதாரணத்தால் சொல்வது சுலபம். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் விலை' என்று ஒரு குடும்பத் தலைவி தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் சாமான்களையும் விற்கிற ஒரு பெரிய இணையக் கடை கிளிக்குக்கு 40 ரூபாய் கேட்கிறது. அதன் விளம்பரம் பொத்தாம்பொதுவானது, கிளிக் செய்தால் மிக்ஸியும் குக்கரும் கலந்து கிடக்கிற பக்கம் வருகிறது. ஆகவே அதற்கு மதிப்பெண் 4. கோவையிலேயே கிரைண்டர் செய்து விற்கிற ஒரு சிறு பட்டறைக்காரர் 25 ரூபாய்தான் கேட்கிறார், ஆனால் அவருடைய பக்கத்தில் ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று அளவும், விலையும், கல்லின் விவரமும், உத்தரவாதமும் ஒழுங்காக இருக்கின்றன, அவருக்கு 8. பெருக்கிப் பார்த்தால் பெரிய கடைக்கு 160, பட்டறைக்காரருக்கு 200, மேலிடம் பட்டறைக்காரருடையது. அவர் செலுத்த வேண்டியது தாம் கேட்ட 25 ரூபாயும் அன்று. தமக்கு அடுத்தவரின் 160-ஐத் தம்முடைய 8-ஆல் வகுத்து வருகிற 20 ரூபாயும் அதற்கு மேல் ஒரு சிறு தொகையுமே. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை; உண்மையான கணக்கில் இன்னும் பல அம்சங்கள் சேரும்; எனினும் அதன் எலும்புக்கூடு இதுதான். இப்போது அவருடைய மதிப்பெண் ஏதோ காரணத்தால் 8-லிருந்து 5-ஆகக் குறைந்துவிட்டால், அதே இடத்தில் நிற்பதற்கு அவர் 32 ரூபாய்க்கு மேல் கேட்டாக வேண்டும். கிரைண்டர் அதே கிரைண்டர், விலை அதே விலை. யாரோ எங்கேயோ ஓர் எண்ணைத் திருத்தியதால் ஒவ்வொரு கிளிக்குக்கும் 12 ரூபாய் கூடிவிடுகிறது.

பணத்துக்கு எதிரே தகுதியை ஒரு தட்டில் வைத்து நிறுக்கிற இந்தக் கொள்கை அடிப்படையில் நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். தொலைக்காட்சியிலோ செய்தித்தாளின் முதல் பக்கத்திலோ பட்டறைக்காரரால் பெரிய முதலாளியோடு ஒருநாளும் போட்டியிட முடியாது, இங்கே முடிகிறது. தேடுகிறவருக்கும் வேண்டாத சரக்கு கண்ணில் படாமல் போவது ஒரு சகாயமே. ஆகவே மதிப்பெண்ணை ஒழிக்க வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மதிப்பெண் போடுகிறவரும், ஏலம் விடுகிறவரும், ஏலப் பணத்தைப் பெட்டியில் போட்டுக்கொள்கிறவரும் ஒருவராகவே இருந்து, அவர் போட்ட மதிப்பெண்ணை வெளியிலிருந்து சரிபார்க்க ஒருவரும் இல்லாதிருப்பதுதான் என்னுடைய முறையீடு.

விளம்பரதாரருடைய கணக்கைத் திறந்தால், ஒவ்வொரு தேடுசொல்லுக்கும் எதிரே 1 முதல் 10 வரை ஓர் எண்ணும், அதன் அருகே மூன்று அபிப்பிராயங்களும் தெரியும். விளம்பரத்தை ஜனங்கள் கிளிக் செய்யக்கூடிய வாய்ப்பு, தேடியவரின் நோக்கத்தோடு விளம்பரத்துக்குள்ள பொருத்தம், கிளிக் செய்தபின் திறக்கிற லேண்டிங் பேஜின் பயன் ஆகிய மூன்றும் சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று தரம் பிரிக்கப்பட்டிருக்கும். இது கடந்த 90 நாட்களில் அதே சொல்லுக்கு விளம்பரம் காட்டிய மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சொல்வதாகும்; ஆகையால் நம் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட நாம் மாற்றாமல் இருக்கும்போதே, பிறர் முன்னேறினால் நமக்கு மதிப்பெண் இறங்கக்கூடும். 'சராசரிக்குக் கீழ்' என்று மட்டும் சொல்லப்படுகிறதே தவிர, எவ்வளவு கீழ், எந்த வாக்கியத்தால் கீழ் என்று சொல்லப்படுவதில்லை. போதிய தேடல்கள் இல்லாத சொல்லாக இருந்தால் எண்ணே இராது. அந்த இடத்தில் ஒரு சிறு கோடு மாத்திரம் நிற்கும். தமிழ் எழுத்தில் ஒரு விதமாகவும், ஆங்கில எழுத்தில் பல விதமாகவும் தட்டித் தேடுகிற நம் ஜனங்களின் பழக்கத்தால் ஒரே பொருளுக்குரிய தேடல்கள் பல சொற்களாகச் சிதறிப்போகின்றன. தமிழில் விளம்பரம் கொடுக்கிற வியாபாரி இந்தக் கோட்டை அடிக்கடி சந்திக்க நேர்வதன் காரணம் இதுவே.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. கண்ணுக்குக் காட்டப்படுகிற இந்த எண் ஏலத்தில் நேராக உபயோகிக்கப்படுவதில்லை என்றும், அது நோயறியும் கருவி மாத்திரமே என்றும், ஒவ்வொரு தேடலின்போதும் கணிக்கப்படுகிற தரம் வேறு என்றும் கூகுளே சொல்கிறது. அதாவது விலையைத் தீர்மானிக்கிற எண்ணை வியாபாரி பார்ப்பதில்லை. பார்க்கிற எண் விலையை நேராகத் தீர்மானிப்பதில்லை. 2009-இல் அமெரிக்காவில் டிரேட்காமெட் என்ற நிறுவனம், சில சென்ட்டுகளாக இருந்த தன்னுடைய கிளிக் விலை, பக்கத்தின் தரம் குறைவு என்ற காரணத்தைக் காட்டிப் பல டாலர்களாக ஏற்றப்பட்டுவிட்டது என்று நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தப்படி அந்த வழக்கைக் கலிபோர்னியாவில்தான் நடத்த வேண்டும் என்ற காரணத்தால் அது தள்ளுபடியாயிற்று. புகார் மெய்யா பொய்யா என்று அந்த நீதிமன்றம் ஆராயவே இல்லை.

உள்ளே நடப்பதை உலகம் ஓரளவேனும் கண்டது, அமெரிக்க நீதித்துறை 2020-இல் கூகுள்மீது தொடர்ந்த ஏகபோக வழக்கில்தான். 2023 செப்டம்பரில் சாட்சிக் கூண்டில் நின்ற கூகுளின் விளம்பரத் துறை அதிகாரி ஜெர்ரி டிஷ்லர், விளம்பரதாரர்களுக்கு அறிவிக்காமலே விலைகளை 5 சதவீதம் வரை உயர்த்தியது உண்டு என்றும், சில தேடல்களில் அது 10 சதவீதமாகவும் இருந்திருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார். அதற்குக் கையாண்ட வழிகளுள் ஒன்று, இரண்டாம் இடத்தில் இருப்பவருடைய கிளிக் வாய்ப்பைக் கணக்கில் செயற்கையாக உயர்த்துவது. மேலே சொன்ன உதாரணத்தில் பெரிய கடைக்கு உரிய 4-ஐ நாலரை என்று வைத்துக்கொண்டால் 160 என்பது 180 ஆகிறது. பட்டறைக்காரர் மேலிடத்திலேயே இருக்கிறார், ஆனால் அவர் தருகிற தொகை 20-லிருந்து 22 ரூபாய் 50 காசாக ஏறிவிடுகிறது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. போட்டியாளரும் ஒரு பைசா கூடுதலாகக் கேட்கவில்லை. 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நீதிபதி அமித் மேத்தா அளித்த தீர்ப்பு, பொதுத் தேடலிலும் தேடலோடு வருகிற எழுத்து விளம்பரங்களிலும் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று கண்டது. அந்தத் தீர்ப்பை ஏற்க முடியாது என்பது கூகுளின் நிலை. அது எப்படியாயினும், தரத்தின் பெயரால் வைத்த கணக்கு விலையை ஏற்றுகிற திருகாகவும் உபயோகப்பட்டது என்ற சாட்சியம் பதிவாகிவிட்டது.

சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவருடைய தராசுக்குக்கூட அரசாங்க முத்திரை வேண்டும். அவர் யோக்கியர் என்பதில் நமக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், எடைக்கல்லை அதிகாரி காலந்தோறும் பரிசோதிக்கிறார்; அதை எந்த வியாபாரியும் அவமானமாக நினைப்பதில்லை. உலக வாணிபத்தில் பெரும் பகுதிக்கு வாயிற்படியாகிவிட்ட ஒரு தராசை மாத்திரம் அதன் உடைமைக்காரருடைய வாய்ச்சொல்லையே முத்திரையாகக் கொண்டு ஏற்றுக்கொள் என்றால், அது எந்தத் தர்மத்தில் சேரும்? சூத்திரத்தை முழுவதும் வெளியிட்டால் வஞ்சகர்கள் அதை அறிந்து போலித் தரத்தைக் காட்டி ஏமாற்றுவார்கள் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் உண்மை இருக்கிறது. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் சூத்திரத்தைக் கேட்பது வேறு, சூத்திரத்தை மாற்றினோம், அதனால் உன் விலை இவ்வளவு மாறும் என்று சொல்லும்படி கேட்பது வேறு. பின்னதைச் சொல்வதால் எந்த வஞ்சகனுக்கும் வழி திறந்துவிடப் போவதில்லை.

2025 செப்டம்பர் 2-ஆம் தேதி பரிகாரங்களை நிர்ணயித்தபோது நீதிபதி மேத்தா ஏறக்குறைய இந்த எல்லையில்தான் நின்றார். எழுதிக்கொடுத்த சொல்லுக்கு மட்டுமே விளம்பரம் காட்டுகிற 'எக்ஸாக்ட் மேட்ச்' முறையை மீட்டுத்தர வேண்டும் என்ற கோரிக்கையையும், ஒவ்வொரு தேடலின் விவரத்தையும் விளம்பரதாரருக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கையையும் அவர் ஏற்கவில்லை. 2020 முதல் குறைவாகத் தேடப்படுகிற சொற்கள் விளம்பரதாரருக்குரிய அறிக்கையிலிருந்து மறைந்துவிட்டதை நினைத்தால், எனக்கு இதில் மனக்குறை உண்டு. ஆனால் ஏலமுறையில் செய்கிற முக்கியமான மாறுதல்களைக் கூகுள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று அவர் விதித்தது, சிறு வியாபாரிக்குக் கிடைத்த மெய்யான சகாயம்.

இந்த விவகாரத்தில் நமக்கும் நேரான சம்பந்தம் உண்டு. சென்னையைச் சேர்ந்த பாரத்மேட்ரிமொனி நிறுவனம், தன் பெயரைச் சார்ந்த சொற்களைப் போட்டியாளர்கள் தேடுசொற்களாக வாங்குவதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடியது. பிறகு 2012-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடமும் முறையிட்டது. ஆணையம் 2018 பிப்ரவரி 8-ஆம் தேதி, தேடல் முடிவுகளில் பக்ஷபாதம் காட்டியதற்காகக் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆட்வேர்ட்ஸைப் பொறுத்தவரை மீறல் எதையும் காணவில்லை என்றும் சொல்லிற்று. அன்று ஆணையத்தின் முன்னிருந்த சான்றுகளைக் கொண்டு அந்த முடிவைக் குறைசொல்ல நான் முற்படவில்லை. ஆனால் வாஷிங்டனில் சாட்சியம் வெளிவந்தது அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. அதைப் படித்த பின்னும் 2018-ஆம் ஆண்டு முடிவே போதும் என்று இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி ஆணையம் தானாகவே விசாரணையைத் தொடங்கலாம். தனிமனிதரோ வியாபாரிகளின் சங்கமோ தகவல் கொடுத்தும் அதைத் தூண்டலாம். கோவையிலும் திருப்பூரிலும் சிவகாசியிலும் வலுவான தொழில்முனைவோர் சங்கங்களை நடத்துகிறவர்கள், மின்கட்டணத்துக்கும் நூல் விலைக்கும் மனுக்கொடுப்பதைப் போல இதற்கும் ஒரு மனுவைத் தயாரிக்க வேண்டும். அமெரிக்க விளம்பரதாரருக்கு அறிவிக்கப்படுகிற ஒவ்வொரு மாறுதலும் இங்குள்ள விளம்பரதாரருக்கு அதே நாளில் தமிழிலும் அறிவிக்கப்பட வேண்டும். 'சராசரிக்குக் கீழ்' என்று எழுதினால் அதற்குரிய காரணமும் கூடவே எழுதப்பட வேண்டும். ஏலத்தின் கணக்கை ஆண்டுக்கொரு முறை வெளியாள் ஒருவர் தணிக்கை செய்து ஆணையத்திடம் அறிக்கை கொடுக்க வேண்டும். இம்மூன்று கோரிக்கைகளையும் எழுத இரண்டு பக்கங்கள் போதும். அவற்றோடு கடந்த இரண்டு மூன்று வருஷங்களின் விளம்பரப் பில்களைச் சேர்த்து அனுப்புவதில் எந்தச் சங்கத்துக்கும் சிரமம் இராது.