ஒரு கூலி, இரண்டு அடுப்பு

வண்டிப்பெரியாரிலிருந்து கிழக்கே செல்லும் பேருந்து குமுளியைத் தாண்டி மலையிறங்கினால் கூடலூர், அதையடுத்துக் கம்பம். மேற்கே பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களின் லயங்கள். மாநில எல்லை ஒன்று குறுக்கே கிடந்தாலும் இது ஒரே உழைப்புச் சந்தை. கொழுந்து பறிக்கவும் ஏலக்காய் எடுக்கவும் மலையேறுவோர் உண்டு. தோட்டத்தில் வேலையில்லாதபோது கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் மலையிறங்குவோர் உண்டு. இந்தத் தடத்தில் தோட்டத்தில் ஒரு குடும்பமும் ஊரில் இன்னொரு குடும்பமுமாக வாழும் ஆண் யாருக்கும் அதிசயமாகத் தெரிவதில்லை. டீக்கடையில் அவர் கேலிக்குரியவர். சில வேளை பொறாமைக்கும் உரியவர். தொழிற்சங்கக் கிளையிலோ அவரைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. எழுந்தாலும், “அது அவர் சொந்த விஷயம், தோழர்” என்ற ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

சொந்த விஷயம் என்று சொல்லப்படுவதன் பொருளியலை முதலில் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் கூலி ஒரு குடும்பத்துக்கே போதாது என்பதுதான் ஒவ்வொரு ஊதியப் பேச்சுவார்த்தையிலும் சங்கங்கள் முன்வைக்கும் வாதம். அந்தப் போதாத கூலியை இரண்டு அடுப்புகளுக்குப் பங்கிடும்போது குறைவது ஆணின் தேநீரும் பீடியும் அல்ல. முதல் வீட்டில் பெண் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. இரண்டாவது வீட்டில் பால் நிற்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆகவே நடைமுறையில் முதல் வீட்டைத் தாங்குவது அந்தப் பெண்ணின் கூலியே. முதலாளி அவளது உழைப்பின் உபரியை ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறான். கணவன் அவள் கூலியில் தன் கடமையை இறக்கி வைத்துவிட்டு மலையிறங்குகிறான். இதில் முதலாவதை மட்டுமே சுரண்டல் என்று அழைப்பவர் கணக்கைப் பாதியில் நிறுத்துகிறார்.

அந்த ஆண் இறந்துவிட்டால் என்ன ஆகும்? 1995 ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. இறந்த உறுப்பினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விதவைகள் இருந்தால் ஓய்வூதியம் அவர்களில் மூத்தவருக்குச் சேரும். அவர் காலத்துக்குப் பிறகே அடுத்தவருக்கு. மூத்தவர் யார் என்பதைத் திருமண நாளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். லயத்தில் நடந்த திருமணங்களில் எத்தனைக்குப் பதிவுச் சான்று இருக்கிறது? பிள்ளைகளுக்கான ஓய்வூதியம் ஒரே நேரத்தில் இருவருக்குத்தான். மூத்த பிள்ளைகளுக்கு 25 வயது முடியும்வரை இளையவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு வீட்டிலும் சேர்த்து ஐந்து பிள்ளைகள் என்றால், கடைக்குட்டிக்கு முறை வருவதற்குள் அதன் பள்ளிப் பருவமே முடிந்திருக்கும். இவ்வளவு சண்டையும் எதற்காக? விதவை ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1000 ரூபாய். அந்த ஆயிரம் ரூபாய்க்காக இரண்டு ஏழைப் பெண்கள் ஒருவர் தலைமுடியை மற்றவர் பிடித்து இழுக்கும்படி விட்டுவிட்டு, “சக்களத்திச் சண்டை” என்று ஊர் சிரிக்கிறது.

ஊர் சிரிப்பதற்கு வேண்டிய சொற்களை மொழியும் தாராளமாகத் தந்திருக்கிறது. கைவிடப்பட்டவள் வாழாவெட்டி. இரண்டாமவள் தொடுப்பு, வைப்பு, சின்ன வீடு. இருவரையும் சேர்த்துச் சொன்னால் சக்களத்திகள். இருவரையும் இந்த நிலைக்குக் கொண்டுவந்த ஆணுக்கு என்ன பெயர்? மைனர்! அதுவும் ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கு உரிய பட்டம். நிலப்பிரபுவின் இழிவை உழைப்பாளி தன் பெருமையாகச் சூடிக்கொள்ளும் அவலம் இது. மேற்கொண்டு கேட்டால் “முருகனுக்கே இரண்டு” என்ற பதில் தயாராக இருக்கும். வள்ளியோ தெய்வானையோ ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்ற வாசலில் நிற்க நேரவில்லை.

பலதார மணம் என்றதும் சங்பரிவாரம் ஒரு மதத்தை மட்டுமே சுட்டிக்காட்டுகிறது. அரசின் சொந்தக் கணக்கே இதை மறுக்கிறது. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கணவருக்கு வேறு மனைவியும் உண்டு என்று கூறிய பெண்கள் நாடு முழுவதும் 1.4 சதவீதம். இந்துப் பெண்களில் 1.3, முஸ்லிம் பெண்களில் 1.9, கிறிஸ்தவப் பெண்களில் 2.1. மக்கள் தொகையின் அளவைக் கருதினால், சட்டம் தடை செய்திருந்தும் இரண்டாம் மனைவியோடு வாழும் ஆண்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்களே. உத்தராகண்டில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டமும், அதே ஆண்டு நவம்பரில் அசாம் சட்டமன்றம் நிறைவேற்றிய பலதார மணத் தடை மசோதாவும் பழங்குடி மக்களுக்கு விலக்கு அளித்துள்ளன. பழங்குடியினரின் வழக்காற்றை அவர்களே விவாதித்துத் திருத்திக்கொள்ளட்டும் என்ற நியாயம் அவர்களுக்குப் பொருந்துமானால் மற்றவர்களுக்கு ஏன் பொருந்தாது? நோக்கம் பெண்ணின் விடுதலை அல்ல, வாக்குப் பெட்டி என்பதுதான் விடை. இந்து சட்டத் தொகுப்பு மசோதா ஒருதார மணத்தைக் கட்டாயமாக்க வந்தபோது அதைத் தெருவில் இறங்கி எதிர்த்தது ஆர்.எஸ்.எஸ். அந்த மசோதா முடக்கப்பட்ட நிலையில்தான் அம்பேத்கர் 1951 இல் அமைச்சரவையிலிருந்து வெளியேறினார்.

ஆனால் சங்பரிவாரத்துக்குப் பதில் சொல்லிவிட்டதோடு வேலை முடிந்தது என்று கருதும் போக்கு இடதுசாரிகளிடையேயும் இருக்கிறது. எதிரி ஒன்றைப் பொய்யாகப் பயன்படுத்துகிறான் என்பதால் அந்தக் கொடுமை இல்லாமல் போய்விடாது. 2025 இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர், கண்பார்வை இல்லாதவர், பிச்சையெடுத்து வாழ்பவர். அவரிடம் ஜீவனாம்சம் கேட்டு இரண்டாவது மனைவி வந்தார். பிச்சைக்காரரிடம் ஜீவனாம்சம் வாங்கித் தர நீதிமன்றத்தால் முடியவில்லை. மனைவியரைப் பராமரிக்க வழியில்லாதவருக்கு மேலும் மணம் செய்ய உரிமை இல்லை என்று கூறிய நீதிபதி, அரசின் சமூக நலத் துறை தலையிட வேண்டும் என்றும் உத்தரவிட்டார். பணக்காரனின் கேளிக்கை என்று கருதப்படும் ஒன்று வறுமையின் அடிமட்டத்தில் எந்த உருவம் எடுக்கிறது என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. சொத்தே இல்லாதவனுக்கும் சமூகம் ஒரு சொத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது: பெண். அதே ஆண்டின் பிற்பகுதியில், முஸ்லிம் ஆணின் இரண்டாவது திருமணத்தைப் பதிவு செய்யுமுன் முதல் மனைவிக்கு அறிவிப்பு அனுப்பி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது சிறிய அடிதான். எனினும் எவ்வித மதவெறிக் கூச்சலும் இல்லாமல் வைக்கப்பட்ட அடி.

இந்துக்களுக்குச் சட்டம் இருக்கிறதே என்று நிம்மதி கொள்வோர் அந்தச் சட்டத்தின் ஓட்டைகளையும் அறிய வேண்டும். சென்னை மாகாணம் 1949 லேயே இருதார மணத்தைத் தடை செய்தது. 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் கொண்டு சென்றது. ஏழாண்டு வரை சிறை என்கிறது குற்றவியல் சட்டம். ஆனால் புகார் தர வேண்டியவர் பாதிக்கப்பட்ட மனைவி அல்லது அவருக்காக அவருடைய நெருங்கிய உறவினர். ஊரோ சங்கமோ வழக்குத் தொடர முடியாது. இரண்டாவது திருமணம் முறைப்படியான சடங்குகளோடு நடந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவள் தலையில்தான். 1965 இல் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த விதியால், சடங்கில் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டவன் தப்பித்துக்கொள்ள வழி பிறந்தது. தமிழ்நாட்டில் 1967 இல் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்ததால், சப்தபதி நடக்கவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது என்று 2001 இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. மலைக்கு அந்தப் பக்கத்தில் அந்தத் திருத்தம் இல்லை. தாலி எந்த மாநிலத்தில் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து குற்றத்தை மெய்ப்பிக்கும் வழியும் மாறுகிறது!

2024 இல் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கு. நீதிமன்றம் கலையும்வரை இருந்தால் போதும் என்ற உயர் நீதிமன்றத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஆறு மாதச் சிறையாக உயர்த்தியது. இருதார மணம் கடுங்குற்றம் என்று இதைக் கொண்டாடியவர்கள் ஒன்றைக் கவனித்தார்களா தெரியவில்லை. அவ்வழக்கில் புகார் கொடுத்தவர் ஒரு கணவர். தண்டனை பெற்றவர்கள் அவருடைய மனைவியும் அவரை மணந்தவரும்.

இரண்டாவது பெண்ணின் நிலையும் பேசப்பட வேண்டும். முதல் மணத்தை மறைத்து ஏமாற்றப்பட்டவர்களுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 2013 இல் ஒரு தீர்ப்பு வந்தது. செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு, கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்குச் சேரும் பங்கில் உரிமை உண்டு என்று 2023 இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. சரியான தீர்ப்புகள்தான். ஆனால் லயத்தில் பங்கு ஏது? வீடு கம்பெனியுடையது, வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டியது. பீர்மேடு வட்டத்தில் 2000 ஆம் ஆண்டை ஒட்டிப் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது ஆண்கள் பிழைப்புத் தேடி வெளியேறினர். லயத்தின் ஒழுகும் கூரையின் கீழ், பணிக்கொடை என்றாவது வரும் என்று காத்திருந்தவர்களில் பெண்களே மிகுதி. முதலாளித்துவ நெருக்கடி குடும்பத்தை உடைக்கிறது என்பது உண்மை. உடைந்த குடும்பத்திலிருந்து வெளியேறி வேறொன்றை அமைத்துக்கொள்ளும் உரிமை ஆணுக்கு மட்டுமே கிடைக்கிறது என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை முதலாவதன் பின்னால் மறைப்பது மார்க்சியம் அல்ல. ஒருதார மணம் என்பது நடைமுறையில் பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட ஒன்றாக இருந்து வந்ததை 1884 லேயே எங்கெல்ஸ் எழுதிவிட்டார்.

கேரள இடதுசாரி இயக்கத்துக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. நம்பூதிரி இல்லங்களில் மூத்த மகன் மட்டுமே சொந்தச் சாதியில் மணம் முடிப்பார். மூன்று நான்கு பெண்களைக்கூட மணப்பார். இளையவர்களுக்கு நாயர் வீடுகளில் சம்பந்தம். அதில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தையின் சொத்தில் பங்கில்லை. கிழவருக்கு நான்காம் தாரமாகப் போன சிறுமிகளும், மணமாகாமலே இருட்டறைகளில் மூப்படைந்த அந்தர்ஜனங்களும் அந்தச் சொத்துரிமையின் விலை. வி.டி. பட்டதிரிப்பாட்டின் ‘அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு’ நாடகம் 1929 இல் அந்தக் கதவை உடைத்தது. சம்பந்த முறையையும் பலதார மணத்தையும் எதிர்த்த அந்தச் சீர்திருத்த இயக்கத்தில்தான் இளைஞர் இ.எம்.எஸ். பொது வாழ்வைத் தொடங்கினார். 1944 இல் இன்றைய பாலக்காடு மாவட்டத்து ஓங்கல்லூரில் கூடிய யோகக்ஷேம சபை மாநாட்டில், நம்பூதிரியை மனிதனாக்குவது குறித்துத் தலைமையுரை ஆற்றினார். அப்போது அவர் முழுநேரக் கம்யூனிஸ்ட். சொந்தச் சாதியின் படுக்கையறை அநீதியைப் பேசுவது வர்க்கப் போராட்டத்திலிருந்து விலகுவதாகும் என்று அவர் கருதவில்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைப் பெண்கள் தெருவில் அமர்ந்தபோது, போனசும் கூலியும் மட்டுமா பேசினார்கள்? ஆண்களே தலைமை தாங்கும் சங்கங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். அந்தக் கோபத்தின் வேர் கம்பெனி அலுவலகத்தில் மட்டும் இருந்தது என்று நம்புவோர், லயத்தின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

வண்டிப்பெரியாரிலும் கம்பத்திலும் சங்கக் கிளைகள் செய்யக்கூடியவை பல. வருங்கால வைப்பு நிதியின் வாரிசு நியமனப் படிவத்தை ஒவ்வொரு தொழிலாளியின் மனைவியையும் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம். திருமணப் பதிவுக்கு எல்லையின் இருபுறமும் உதவலாம். கைவிடப்பட்ட பெண் வழக்குத் தொடர விரும்பினால் வழக்கறிஞரையும் பயணச் செலவையும் சங்கம் ஏற்கலாம். இவை எளிதானவை. கடினமானது வேறொன்று. அடுத்த கிளைக் கூட்டத்தில் நிர்வாகிகள் பட்டியல் வாசிக்கப்படும்போது, மலைக்கு மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாக வீடு வைத்திருக்கும் தோழரின் பெயரும் அதில் வரலாம். நன்றாகப் பேசுவார், சந்தா வசூலில் கெட்டிக்காரர், சிறை சென்றவர். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது தலைவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.